அறிவுக்கும் உறுதி வேண்டும்



காணிக்கு உறுதி முடிக்கும் நாம் அறிவுக்கு உறுதி முடிப்பதில்லை. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்று காட்டி எதிர்த்தமையால் 1997இல் அது இரத்தாயிற்று. எழுதி வைத்த ஏடே அங்கு உறுதியாயிற்று.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் உண்டு. 2022இல் இலங்கைக் கறுவாவின் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பளித்தது. ஆயினும், சட்டமும் பெயரும் மாத்திரம் போதுமா? பல்கலைக்கழகத்திற் கண்ட புதுமையை வெளியிடுமுன் பதிவு செய்யவும், அது தொழிற்சாலையை அடையவும், கறுவா உரிப்பவர் கைக்கும் அப்பெயரின் பயன் சேரவும் வழி வகுப்பதே தேசியத் திட்டமாகும். அதனைக் கேட்டுப் பெறுவது இளைஞராகிய நம் கடன்.