கையருகே இருக்கும் கல்லூரி

(கடலூரில் நடைபெற்ற மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'உயர்கல்வி' என்பது. அது கடல். அதில் ஒரு கையளவு நீரை மட்டும் முகந்துகொள்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் நம் இல்லங்கள் தோறும் எழுகின்ற ஒரு கேள்வி உண்டு. பிள்ளை மருத்துவ நுழைவுத் தேர்வுக்கோ ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கோ ஆயத்தமாகிறான். இல்லையேல் சென்னையில் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் பேசி வைத்திருக்கிறோம். இந்நிலையில் நம் மாநில அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் அரசுக் கல்லூரிக்கும் ஒரு காப்பாக விண்ணப்பித்து வைக்க வேண்டுமா? 'அதுதான் கிடைக்கப் போகிறதே, எதற்கு வீண் அலைச்சல்' என்பார் தந்தை. 'அங்கே போட்டால் பிள்ளையின் ஊக்கம் குறைந்துவிடும்' என்பார் தாய். இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லவே எழுந்து நிற்கிறேன்.

கல்வியைப் பற்றிப் பேசுவதற்கு இந்த ஊரைவிடத் தகுந்த இடம் எது? சர்வநந்தி முனிவர் 'லோகவிபாகம்' என்னும் நூலைச் சக ஆண்டு 380-ல், அதாவது கி.பி. 458-ல், பாடலிகை என்னும் ஊரில் இயற்றினார் என்பது வழிவழி வந்த செய்தி. அப்பாடலிகை நம் திருப்பாதிரிப்புலியூரே என்று ஆய்வாளர் பலர் கொள்வர். சிதம்பரத்துக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. கும்பகோணத்தில் சமணர் இல்லங்களுக்குச் சென்று நம் முன்னோரிடம் ஐயம் கேட்டுத் தெளிந்து, 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர், 1924 முதல் 1927 வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். 1920-ல் ஸ்ரீ மீனாட்சி கல்லூரி என்று அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய கல்விப்பணிதான் 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. சிந்தாமணியை நம்மிடம் பாடம் கேட்டவர் முதல்வராக அமர்ந்த ஊர் அது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தேர்வில் கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லுங்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி நம் பெரியவர்கள் மனத்தில் இருக்கும் படம் பழையது. அது தனியார் நிறுவனம், செலவு மிகுந்தது என்றே பலர் இன்றும் எண்ணுகின்றனர். வேறு சிலருக்கு அஞ்சல்வழிக் கல்வி என்றால்தான் அண்ணாமலை நினைவுக்கு வருகிறது; 1979 முதல் அது அவ்வளவு புகழ்பெற்றுவிட்டது. நிதி நெருக்கடியும் அளவுக்கு மிஞ்சிய பணியாளர் எண்ணிக்கையும் அழுத்தியபோது, 2013-ல் அரசு ஆட்சிப் பொறுப்பை ஏற்றுத் தனிச் சட்டம் இயற்றி, அதனை முழுமையான அரசுப் பல்கலைக்கழகமாக்கியது. 2021-க்குப் பின் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகளும் அதனோடு இணைக்கப்பட்டன. ஆகவே தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் படித்தாலும், விருத்தாசலத்தில் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியில் படித்தாலும், பட்டம் தருவது சிதம்பரமே.

'அரசு' என்ற சொல்லைக் கேட்டவுடன் கட்டணத்தைப் பாராமல் இருந்துவிடாதீர்கள். சிதம்பரத்து இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் வரலாறு நமக்கு ஒரு பாடம். பல்கலைக்கழகம் 2013-லேயே அரசுடைமையாயிற்று. ஆயினும் அம்மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு ஐந்து இலட்சத்துக்கும் மேலாகவே நீடித்தது. பிற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அது பதினையாயிரத்தைக்கூட எட்டவில்லை. 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினர். விடுதியில் உணவும் நீரும் நிறுத்தப்பட்டதாகச் செய்திகள் வந்த நாட்களிலும் அவர்கள் கலையவில்லை. ஐம்பது நாட்களைக் கடந்த பின், 2021-ன் தொடக்கத்தில், அக்கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி என்றாகி, கட்டணம் 13,610 ரூபாயாகக் குறைந்தது. ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர்கள். பெயர்ப்பலகையும் அரசாணையும்தான் மாறின. எட்டு ஆண்டுக் காலம் அங்கே படித்தவர்களின் பெற்றோர் கட்டிய தொகையை எண்ணிப் பாருங்கள். எந்த நிறுவனமாயினும், எந்தப் பாடப்பிரிவாயினும், அந்த ஆண்டின் கட்டண அட்டவணையை உங்கள் கண்ணால் பார்த்த பின்னரே அதனைக் காப்பு என்று கருதுங்கள்.

இன்னொன்று. அந்த மருத்துவக் கல்லூரி யாருக்கும் காப்பு ஆகாது. அதற்கும் நீட் மதிப்பெண்ணே வாயில். 'சிதம்பரம் பக்கத்தில்தானே' என்று ஆறுதல் கொள்வதில் பொருளில்லை. மருத்துவம் நாடும் பிள்ளைக்குக் காப்பு என்பது மருந்தியல், செவிலியம், வேளாண்மை, உயிரியல் போன்ற வேறு துறைகளே. பரங்கிப்பேட்டையில் உள்ள கடல் உயிரியல் உயர் ஆய்வு மையம் நாடறிந்தது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அது இருக்கும் திசைகூடத் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

காப்பு என்று ஒன்றை எப்போது சொல்லலாம்? இடம் கிடைப்பது ஏறத்தாழ உறுதியாக இருக்க வேண்டும். கடன் வாங்காமல் கட்ட முடிய வேண்டும். இவை இரண்டையும்விட முதன்மையானது, அங்கே படிக்கப் பிள்ளைக்கு மனம் ஒப்ப வேண்டும். மனம் ஒப்பாத இடத்தைக் காப்பு என்று பட்டியலில் எழுதுவது பெற்றோரின் மன அமைதிக்காக மட்டுமே பயன்படும். முதல் நிபந்தனையிலும் ஏமாற்றம் உண்டு. அரசு கலைக் கல்லூரியில் வணிகவியலுக்கும் கணினி அறிவியலுக்கும் வரும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அதனை எளிதென்று சொல்லமாட்டார்கள். மதிப்பெண் தரவரிசையும் 69 விழுக்காட்டு இட ஒதுக்கீடும் சேர்ந்தே அங்கு இடத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகையால் கல்லூரியை மட்டும் தேர்ந்தால் போதாது. அக்கல்லூரியில் எந்தப் பாடம் உங்கள் மதிப்பெண்ணுக்கு உறுதி என்று முந்தைய ஆண்டுகளின் சேர்க்கை மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பொறியியலுக்கு வழி சற்றுத் தெளிவானது. 2007-ல் மாநில நுழைவுத் தேர்வு நீங்கிய பின், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடப்படும் மதிப்பெண்ணே அளவுகோல். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் 250. விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரியை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். ஆனால் நம் பிள்ளைகள் புகழ்பெற்ற பத்துப் பெயரை எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். பண்ருட்டியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியைப் பட்டியலின் அடியில் சேர்ப்பதால் மேலே உள்ளவை எவ்வகையிலும் பாதிக்கப்படா. மேலே ஒன்றும் கிடைக்காதபோதுதான் கீழே உள்ளது பேசும். வரிசை என்பது விருப்பத்தின் வரிசையாக இருக்கட்டும். கணிப்பின் வரிசையாக வேண்டாம்.

நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இழப்பு பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது. அண்மை ஆண்டுகளில் மேல்நிலைத் தேர்வு முடிவு மே மாதத் தொடக்கத்தில் வருகிறது. அரசு கலைக் கல்லூரிகளுக்கும் பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பிக்கும் காலம் அதே மாதத்தில் திறந்து, சில வாரங்களில் மூடிவிடுகிறது. நீட் முடிவோ ஜூனில் வருகிறது. அதன் கலந்தாய்வு தீபாவளியைத் தொட்டு நிற்கிறது. மருத்துவம் கிடைக்கவில்லை என்று உறுதியாகத் தெரியும் நாளில் மற்ற வாயில்கள் அனைத்தும் அடைத்துக் கிடக்கும். அப்போது திறந்திருப்பது பணம் கேட்கும் வாயில் ஒன்றுதான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படித்தான் அக்டோபர் மாதத்தில் நிலத்தை அடகு வைத்தது. அந்தப் பிள்ளை மே மாதத்தில் விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அதே பாடத்தை, பல மடங்கு கட்டணத்தில் படித்தான். தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் கண்ட கடலூர்க்காரர்கள் நாம். மழைக்கு முன் கரையைப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று.

'சேர்ந்த பின் வேறிடம் கிடைத்தால் கட்டிய பணம் போய்விடுமே' என்ற அச்சம் இயல்பானது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கையின் இறுதி நாளுக்குப் பதினைந்து நாட்கள் முன்னரே விலகினால், சிறு நடைமுறைச் செலவு நீங்கலாக முழுத் தொகையும் திரும்பக் கிடைக்க வேண்டும். நாள் செல்லச் செல்ல அது 90, 80, 50 விழுக்காடு எனக் குறைந்து, இறுதி நாளுக்குப் பின் முப்பது நாட்கள் கடந்தால் ஒன்றுமில்லை என்றாகும். மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமையும் கல்லூரிக்கு இல்லை. அவர்கள் மறுத்தால் எழுத்து வடிவில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் தயங்குபவர்கள் எழுத்தைக் கண்டால் பெரும்பாலும் இறங்கி வருவர். அந்தந்த ஆண்டுக்கென மானியக் குழு தனி அறிவிப்பு வெளியிடுவதும் உண்டு, அதனையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் இல்லங்களில் பொழுது சாயுமுன் உண்ணும் நியமம் உள்ளவர்கள் இன்றும் இருக்கின்றனர். கிழங்கு விலக்குவோரும் இருக்கின்றனர். தொலைவில் உள்ள விடுதியில் சேர்ந்த பிள்ளை முதல் மாதம் பழமும் பிஸ்கட்டும் தின்று இளைத்துப்போவதையும், இரண்டாம் ஆண்டில் நியமத்தைக் கைவிடுவதையும் நாம் காண்கிறோம். கடலூரிலிருந்து சிதம்பரம் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். இரயிலும் பேருந்தும் உண்டு. இதனை ஒரு காரணமாகக் கருதுங்கள். ஒரே காரணமாகக் கருதவேண்டாம். நியமத்தைக் காக்கும் உறுதி உள்ளவன் கான்பூரிலும் காப்பான்.

அடுத்துச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். நம்மில் பல குடும்பங்களில் மகனுக்குச் சென்னைத் தனியார் பல்கலைக்கழகம் முதல் விருப்பம். அரசுக் கல்லூரி காப்பு. மகளுக்கோ அரசுக் கல்லூரியே முதலும் முடிவும். அவள் விருப்பத்தைக் கேட்பதே இல்லை. 'பக்கத்தில் இருந்தால் பத்திரம்' என்கிறோம். மதிப்பெண் அவளுக்கே மிகுதியாக இருக்கும். காப்பு என்ற சொல்லுக்கு அது பொருளன்று. மேலே ஒரு விருப்பம் இருந்தால்தான் கீழே இருப்பது காப்பு. மேலே எதையும் வைக்க விடாமல் கீழே ஒன்றைக் கொடுத்தால் அது அடைப்பு. அருகிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகமும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் பொது நுழைவுத் தேர்வு வழியே மாணவரைச் சேர்க்கின்றன. மகளையும் அத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் செய்யுங்கள். அவள் பட்டியலிலும் எட்டாத உயரத்தில் ஒரு பெயர் இருக்கட்டும்.

ஊக்கம் குறையும் என்ற தாய்மார்களுக்கு ஒரு சொல். பத்தொன்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். கையில் ஓர் இடம் உறுதியாக இருக்கும் மாணவன் தேர்வுக்கூடத்தில் நடுங்குவதை நான் கண்டது குறைவு.

சான்றுகள் பற்றிச் சொல்லி அமர்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, உரியவர்க்கு முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதத்தில் அங்கே நிற்க இடமிராது. 2014 முதல் நாம் தேசிய அளவில் சிறுபான்மையினர். உதவித்தொகைக்கு அச்சான்றும் பயன்படலாம். கடலூரில் குடியிருந்துகொண்டு பிள்ளைகளைப் புதுச்சேரிப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் மிகவும் கவனமாக இருங்கள். எட்டாம் வகுப்பு முதல் தமிழ்நாட்டில் படிக்காதவர்களிடம் பொறியியல் கலந்தாய்வில் பிறப்பிடச் சான்று கேட்பர். அது கிடைக்க நாளாகும். விண்ணப்பம் நிரப்புவதில் ஐயம் உள்ளவர்கள், விழா முடிந்ததும் மண்டபத்தின் கிழக்கு வாயிலில் என்னைக் காணலாம்; மதிப்பெண் பட்டியல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆதார் அட்டை இருந்தால் தொடங்கிவிடலாம்.