உயிரோடிருக்கையிலே பெறவேண்டிய பணம்

(பதுளையில் தோட்டத் தொழிலாளரும் உழவரும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



புற்றுநோயைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்று அறிவித்த அன்றே முகஞ்சுளித்தோர் சிலர். "நல்ல நாளும் அதுவுமாக இது என்ன பேச்சு?" என்றனர். நாம் மருந்தைப் பற்றிப் பேச வரவில்லை. அது மருத்துவர் வேலை. நாம் பேச வந்தது காசைப் பற்றி. நோய் முற்றிவிட்டது, இனி முற்றாகக் குணமாவதற்கில்லை, ஆயினும் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ வாழ்வு மீதமிருக்கிறது என்று மருத்துவர் கூறிய பின்னர், அந்த வீட்டில் அடுப்பு எதைக்கொண்டு எரிவது? இதுவே நம் கேள்வி.

இந்நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணமில்லை. இது பெருமைக்குரிய செய்தி, மறுப்பார் யார்? பதுளை வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. அங்கிருந்து மகரகமைக்கு அனுப்பப்படுவோரும் உளர். ஆனால் மடுல்சீமையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் நமுனுகுலையிலிருந்தும் பதுளைக்கு வருவதற்குப் பேருந்து இலவசமா? மலையுச்சித் தோட்டத்திலிருந்து பெருந்தெருவுக்கு இறங்க முச்சக்கர வண்டி இலவசமா? 1924-ஆம் ஆண்டு முதல் பதுளைக்கு இரயில் ஓடுகிறது. பகல் முழுதும் அதில் அமர்ந்து கொழும்புக்குப் போய், அங்கிருந்து மகரகமைக்குச் சேர்வதற்குள் உடல் நலமுள்ளவனே சோர்ந்து போகின்றான். 2022-இல் நாடு நொடித்தபோது, வைத்தியசாலையில் இல்லாத மருந்துகளை வெளியே வாங்கிவரச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்ததையும் நாம் மறக்கவில்லை.

நாட்சம்பளக்காரருக்கு இதனினும் பெரிய இழப்பு வேறொன்றுண்டு. மலைக்குப் போனால்தான் பேர். கிளினிக்குக்குப் போகும் நாளில் நோயாளிக்குப் பேர் இல்லை. துணைக்குப் போகும் மகளுக்கும் பேர் இல்லை. ஒரு நோய்க்கு இரண்டு பேர் போகின்றது. இக்கணக்கை எந்த வைத்தியசாலைப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை.

அப்போது நம் மக்கள் என்ன செய்கின்றனர்? முதலில் தோடு அடகுக்குப் போகிறது. பிறகு சீட்டைத் தள்ளி எடுக்கின்றனர். அதன்பின் வாரந்தோறும் வாசலுக்கு வந்து நிற்கும் நுண்கடன்காரரிடம் கையெழுத்து. நோயாளி கண்மூடிய பிறகும் அந்தக் கடன் கண்மூடுவதில்லை. இத்தனைக்கும் அந்தத் தாயின் பெயரிலேயே, அவள் வியர்வையிலிருந்து ஒதுக்கப்பட்ட பணம் கொழும்பிலே கிடக்கின்றது! இதைத்தான் நாம் இன்று அழுத்திச் சொல்ல வந்தோம்.

1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி வந்தது. சம்பளத்தில் தொழிலாளி நூற்றுக்கு 8, தொழில்கொள்வோர் நூற்றுக்கு 12 கட்டவேண்டும். 1980-ஆம் ஆண்டின் 46-ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் வந்தது. அதற்கு நூற்றுக்கு 3, முழுவதும் தொழில்கொள்வோர் கட்டுவது. 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம் பணிக்கொடையைத் தந்தது; நம்மவர் சர்வீஸ் காசு என்பது அதுதான். ஐந்தாண்டு வேலை செய்திருந்தால், நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம். வேலை விட்ட 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். தாமதித்தால் 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகம் கட்டவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் குறிக்கப்பட்ட 1,350 ரூபாவையே எடுத்துக்கொள்வோம். கடைசிச் சம்பளம் அதனிற் கூடுதலாயின் தொகையும் கூடும். 14 நாளுக்கு 18,900 ரூபா. இருபத்தெட்டு ஆண்டு கொழுந்தெடுத்த ஒரு தாய்க்கு 529,200 ரூபா. சேமலாப நிதி இதனின் வேறு. நம்பிக்கை நிதியம் அதனினும் வேறு. இப்படிப்பட்டவள் பத்தாயிரம் ரூபாவுக்குத் தோட்டை அடகு வைக்கின்றாள் என்றால், குறை அவளிடமா, அவளுக்குச் சொல்லாத நம்மிடமா?

"சேமலாப நிதி ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதாகாமல் வராதே" என்பீர். பொதுவிதி அதுதான். ஆயின் அச்சட்டத்திலேயே விலக்கும் உண்டு. நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலை செய்ய இயலாதவர் என்று மருத்துவர் சான்று தந்து, அதனால் வேலையை விட்டவர் வயதைப் பாராமல் முழுத்தொகையும் கேட்கலாம். வேலையை விடாமலே இருப்போருக்கு இன்னொரு வழி: பத்தாண்டு சந்தா கட்டி, கணக்கில் 300,000 ரூபாவுக்குக் குறையாமல் இருந்தால், மருத்துவச் செலவுக்காக நூற்றுக்கு 30 வரை முன்கூட்டியே பெறலாம்.

இவ்விரண்டில் எது நல்லது? இங்கேதான், தோழர்களே, அவசரம் கூடாது. நோய் தெரிந்த மறுநாளே காரியாலயத்துக்கு ஓடி, வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுகின்றனர் சிலர். எழுதுமுன் இரண்டைக் கேட்டறிக. ஒன்று, பணியில் இருக்கும்போதே இறக்கும் உறுப்பினரின் குடும்பத்துக்கு நம்பிக்கை நிதியத்தில் மரண காப்புறுதி நன்மை உண்டு. வேலையை விட்டபின் அதற்கு உரிமை கோருவது எப்படி? மற்றொன்று லயத்து அறை. குடும்பத்தில் ஒருவராவது செக்ரோலில் இருந்தால்தான் அறை நிலைக்கும் என்ற அச்சம் நம் மக்களைவிட்டு இன்னும் நீங்கவில்லை. அம்மா பெயரை வெட்டுமுன் மகன் பெயரோ மருமகள் பெயரோ பதிவில் இருக்கின்றதா என்று பாருங்கள். நம் எண்ணத்தைக் கேட்டால், சிகிச்சையின் தொடக்கத்தில் 30 சதவீத வழியே பெரும்பாலோர்க்கு ஏற்றது. எழுந்து நடமாட இயலாத நிலை வந்தபோது இயலாமைச் சான்றோடு முழுத்தொகையும் பணிக்கொடையும் கேட்பது. ஆனால் நாள் குறைவு என்று மருத்துவர் சொல்லிவிட்டால் இந்த வரிசையைப் பாராமல் உடனே கேட்டுவிடுக.

நாள் குறைவு என்று சொன்னோம். இவ்விடத்தில் ஒரு கசப்பான செய்தியைக் கூறவேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் நோயாளிக்கு நோயைச் சொல்வதில்லை. "அம்மாவுக்குத் தெரிந்தால் மனமுடைந்து போவாள், வயிற்றுப்புண் என்றே சொல்லுங்கள் டொக்டர் ஐயா" என்று வாசலிலேயே மறிக்கின்றோம். அன்பினால்தான் செய்கின்றோம், ஐயமில்லை. ஆனால் விண்ணப்பத்தில் ஒப்பமிட வேண்டியவர் அம்மாதான். தன் பங்கை யாருக்கு எழுதுவது என்று பின்னுரிமையாளரைக் குறிக்க வேண்டியவரும் அவர்தான். வயிற்றுப்புண்காரிக்கு ஏன் இத்தனை தாள் என்று அவர் கேட்டால் என்ன மறுமொழி? ஆகவே தாள்கள் தள்ளிப்போடப்படுகின்றன. கை நடுங்கி, நினைவு மங்கிய பின்னர் விண்ணப்பத்தைத் தேடுகின்றோம்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாங்கள் கண்டது இது. ஒரு தாய், மூன்று பிள்ளைகள். எட்டு மாதம் அவரிடம் மறைத்தனர். கடைசியில் மூத்த மகள் அழுதுகொண்டே சொன்னபோது, "எனக்குத் தெரியும், நீங்கள் சொல்வீர்கள் என்றுதான் காத்திருந்தேன்" என்றாராம். அதன்பின் அவரே தலையணைக்கடியிலிருந்து பழைய சம்பளத் துண்டுகளை எடுத்துக் கொடுத்தார்; யாருக்கு எவ்வளவு கடன், யார் நமக்குத் தரவேண்டும், இளையவள் படிப்புக்கு எது என்று மூன்று மாலைகளில் ஒரு கொப்பியில் எழுதுவித்தார். ஆனால் நிதிப்பணம் அவர் கைக்கு எட்டவில்லை. ஏன்? பெயர் பொருந்தவில்லை!

பெயர் பொருந்தாத கதை நம்மவர்க்குப் புதிதா? செக்ரோலில் லெச்சுமி, அடையாள அட்டையில் இலட்சுமி, பிறப்புப் பத்திரத்தில் மகாலட்சுமி, திருமணத்தின் பின் கணவன் பெயர் முன்னாலா பின்னாலா என்று வேறொரு குழப்பம். தமிழில் சொன்னதை இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுத, அதை மற்றொருவர் சிங்களத்தில் எழுத, ஒரு மனுஷி மூவராகிவிடுகின்றாள். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவராக்கியது. 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் வரை அதன் நிழல் நீண்டது. பத்திரமில்லாத தலைமுறைகளின் பிள்ளைகளிடம் இன்று பத்திரம் சரியில்லையே என்று குற்றங்கூறுவது எளிது. குற்றம் யாருடையதாயினும் தாளைத் திருத்தவேண்டியவர் நாமே. பி அட்டையையும் அடையாள அட்டையையும் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். வேறுபாடிருந்தால் கிராம உத்தியோகத்தரின் சான்றும், சமாதான நீதவான் முன் செய்த சத்தியக் கடதாசியும் கொண்டு தொழில் காரியாலயத்தில் கேளுங்கள். நோய் வந்தபின் செய்வதன்று. நோயில்லாத இன்றே செய்வது.

இனி அரசாங்க உதவி. சனாதிபதி நிதியம் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் அதில் உதவியுண்டு. முன்னர் கொழும்புக்குப் போய்க் கால்கடுக்க நிற்கவேண்டியிருந்தது. 2025 பெப்ருவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் ஏற்கின்றனர். குடும்ப வருமானம் பார்ப்பார்கள். மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் நோயுதவிப் பணத்தையும் அங்கேயே விசாரிக்கலாம். தொகை சிறிதுதான், பேருந்துக் கட்டணத்துக்காவது ஆகும். அஸ்வெசும 2023-இல் தொடங்கியபோது முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளர்க்கும் தனித்தனி உதவித்தொகை வகுத்தனர். நல்லது. சிறுநீரக நோயாளியின் துன்பத்தை நாம் குறைத்துப் பேசோம். ஆனால் புற்றுநோயாளிக்கு ஏன் அப்படி ஒரு தனிப்பிரிவு வகுக்கவில்லை? வெற்றிலையும் புகையிலையும் மென்று மென்று வாய்ப்புற்று வந்து, கஞ்சியும் இறங்காத கிழவர்கள் லயங்களில் கிடப்பது கணக்கெடுத்தவர் கண்ணில் படவில்லையா?

வெலிமடையிலும் பண்டாரவளையிலும் உருளைக்கிழங்கும் மரக்கறியும் விளைக்கும் உழவர்களுக்குச் சேமலாப நிதி இல்லை. 1987-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டத்தின்படி விவசாயிகள் ஓய்வூதியத் திட்டம் உண்டு. சேர்ந்திருப்போர்க்கு உடலியலாமைக்கும் மரணத்துக்கும் பணம் உண்டு. அறுபது வயதுக்கு முன் சேரவேண்டும். ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் அக்ரஹாரக் காப்புறுதியை அறிந்தவர்கள். அவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அவர்களிடம் வேண்டுவது ஒன்றே: உங்கள் விண்ணப்பத்தை நீங்களே நிரப்பத் தெரிந்ததுபோல், பக்கத்து லயத்தவர் விண்ணப்பத்தையும் ஒருநாள் நிரப்பிக் கொடுங்கள்.

பணம் கைக்கு வந்ததும் இன்னொரு சோதனை. உறவினர் ஒருவர் வருவார். இந்தியாவில் ஒரு வைத்தியர் இருக்கிறார், மூலிகையால் மூன்று மாதத்தில் கரைத்துவிடுவார் என்பார். உள்ளதெல்லாம் போகும். நோயாளியையே கேளுங்கள்: அம்மா, இந்தப் பணத்தில் உங்களுக்கு என்ன வேண்டும்? வலியில்லாமல் தூங்கவேண்டும் என்பார். வலிக்கு மோர்பீன் அரசாங்க வைத்தியசாலையிலேயே கிடைக்கின்றது, கேட்டு வாங்குங்கள். கூரைத்தகரம் மாற்றவேண்டும் என்பார். கடன் வைத்துப் போகக்கூடாது என்பார். எங்களிடம் பேசியவர்களில் பெரும்பாலோர் இம்மூன்றையே கூறினர்.

ஆளும் தரப்பையும் எதிர்த்தரப்பையும் சங்கத் தலைவர்களையும் நாம் கேட்பது அதிகமில்லை. முற்றிய நோயாளியின் விண்ணப்பத்தைத் தனிக்கட்டாகக் கட்டி முதலில் பாருங்கள். ஐம்பது படி ஏற முடியாதவரைக் காரியாலயத்துக்கு அழையாமல், மாதத்தில் ஒருநாள் அதிகாரி ஒருவரைத் தோட்டத்துக்கு அனுப்புங்கள். தேர்தற் காலத்தில் லயத்துக்கு லயம் ஏறிவர வழி தெரிந்தோர்க்கு இவ்வழி தெரியாதென்பதை நாம் நம்பவில்லை. தோட்டக் காரியாலயங்கள், ஓய்வுபெற்றோரின் பணிக்கொடையைத் தவணை சொல்லி இழுக்கும் வழக்கத்தை நோயாளியிடமாவது காட்டாதிருக்கட்டும். 30 நாள் என்று சட்டம் சொல்கின்றது.

நேரமாகிவிட்டது; பசறைக்குக் கடைசிப் பேருந்து போய்விடும். மேடைக்கு இடப்புறத்தில் இரண்டு மேசைகள் போட்டிருக்கின்றோம். ஆசிரியர் நால்வர் அங்கே அமர்வார்கள். பி அட்டையும் அடையாள அட்டையும் கொண்டுவந்தோர் முதலில் வருக. வீட்டில் நோயாளி இருப்போர் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நில்லாமல் நேரே வரலாம்.