ஈரமும் கண்ணோட்டமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

ஓர் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகள் இடையறாது கூடுவது எளிய செயலன்று. சொல்லின்மேல் பற்றுடையோர் சிலர் விடாப்பிடியாக நின்றால்தான் அது கைகூடும். அத்தகையோர் நிறைந்த இவ்வவையில் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். 'கைண்ட்' என்னும் ஆங்கிலச் சொல் அது. மொழிபெயர்ப்பில் ஈடுபடும் கவிஞர்கள் இச்சொல்லைக் கண்டதும் 'அன்பான' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அது போதுமா என்பதே என் வினா.

'கைண்ட்' என்னும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரு பெரும் பொருள்கள் உண்டு. ஒன்று, வகை அல்லது இனம். மற்றொன்று, பிறரிடம் இன்முகமும் இரக்கமும் உடைய தன்மை. தொடர்பற்றவைபோல் தோன்றும் இவ்விரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் பிறப்பு, இயல்பு, இனம் ஆகியவற்றைக் குறித்தது. சுற்றத்தைக் குறிக்கும் 'கின்' என்பதும் இதற்கு உறவான சொல்லே. ஜெர்மன் மொழியில் குழந்தைக்குப் பெயர் 'கின்ட்'. வள்ளன்மையைக் குறிக்கும் 'ஜெனரஸ்', மென்மையைக் குறிக்கும் 'ஜென்டில்' ஆகிய சொற்களும் குடிப்பிறப்பைச் சுட்டிய இலத்தீன் சொற்களிலிருந்து வந்தவையே. ஆக, தன்னோடு பிறந்தாரிடம் நடந்துகொள்வதுபோல் பிறரிடமும் நடந்துகொள்வதே அச்சொல்லின் அடிக்கருத்து எனலாம். உறவுக்குள் பிறந்த ஒரு சொல், நூற்றாண்டுகள் நடந்து, உறவில்லாதாரையும் தழுவிக்கொண்டது.

இவ்விடத்தில் நமக்குக் கணியன் பூங்குன்றனார் நினைவுக்கு வருவது இயல்பு. அவர் பிறந்த பூங்குன்றம், நம் மாவட்டத்தை அடுத்த சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டியே என்பர். எல்லா மாந்தரையும் அவர் சுட்டிய சொல் 'கேளிர்' என்பது. அதற்கு உறவினர் என்பதே பொருள். ஆங்கிலச் சொல் மெல்ல மெல்லச் சென்றடைந்த இடத்தை நம் புலவர் ஒரே எட்டில் அடைந்துவிட்டார். ஆயினும் இதைச் சொல்லிப் பெருமிதம் கொள்வதோடு நின்றுவிடலாகாது. நம்மிடம் இருந்த சொற்களை நாம் என்ன செய்தோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழில் இப்பொருள் குறித்த சொற்கள் பல. அன்பு, அருள், பரிவு, இரக்கம், கனிவு, நெகிழ்ச்சி, உருக்கம், தண்ணளி, ஈரம், கண்ணோட்டம் என்பன அவற்றுட் சில. தயை, கருணை, காருண்ணியம் என்பன வடமொழி வழி வந்து நம்மோடு கலந்தவை. இவற்றுள் பல, பிறப்பைச் சுட்டாமல் நீரையும் பதத்தையும் சுட்டுவதைக் காணலாம். காய் பழமாவது கனிவு. இறுகியது இளகுவது நெகிழ்ச்சி. குளிர்ச்சியோடு அளிப்பது தண்ணளி. ஈரம் என்பதற்கோ விளக்கமே வேண்டா. 'அவன் நெஞ்சில் கொஞ்சமாவது ஈரம் இருக்கிறதா?' என்று கேட்கும் நம் ஊர்த் தாய்மார், அகராதி பார்த்துக் கேட்பதில்லை. புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாயும் ஊருணியும் நிறைந்தால்தான் இங்கு வாழ்வு. இத்தகைய மண்ணில் ஈரம் என்ற சொல் வெறும் உருவகமாக நிற்பதில்லை; உயிர் பிழைப்பதற்கான வழியாகவே அது ஒலிக்கிறது. ஒப்புரவாளனின் செல்வத்துக்கு வள்ளுவர் நீர் நிறைந்த ஊருணியை உவமை கூறியதும் இதனாலேயே நம் நெஞ்சுக்கு மிக அணுக்கமாகிறது.

வள்ளுவர் இச்சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றாகக் கையாளவில்லை என்பது கருதத்தக்கது. அன்புடைமையை 8ஆம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தார். அருளுடைமையை 25ஆம் அதிகாரமாக, துறவறவியலின் வாயிலில் வைத்தார். கண்ணோட்டத்தையோ 58ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில், அரசியலில் வைத்தார். தொடர்புடையாரிடம் செல்வது அன்பு. தொடர்பில்லா உயிர்களிடமும் செல்வது அருள். அருளை அன்பு ஈன்ற குழந்தையாகவும், செல்வத்தை அதனை வளர்க்கும் செவிலியாகவும் அவர் காட்டுகிறார். அதிகாரம் உடையவன் தன் முன் நிற்பவரைப் பார்க்கும் பார்வையில் இருக்க வேண்டியது கண்ணோட்டம். இம்மூன்றையும் ஆங்கிலத்தில் 'கைண்ட்' என்ற ஒரே சொல்லால் குறித்துவிட இயலும். தமிழில் அவ்வாறு செய்தல் ஆகாது.

கண்ணோட்டத்தின் இடத்தை இன்னும் சற்று உற்று நோக்குவோம். செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை ஆகியவற்றைக் கூறிய பின்னரே வள்ளுவர் கண்ணோட்டத்துக்கு வருகிறார். முதலில் நீதி, பின்பு கொடுமை தவிர்த்தல், அதன்பின் குடிகள் அஞ்சும்படி நடவாமை, அதற்கும் அப்பால் கண்ணோட்டம். கண்ணுக்கு அதுவே அணிகலன் என்றும், அஃது இல்லையேல் கண் புண்ணே என்றும் அவர் கடிந்து கூறுகிறார். பாடலோடு பொருந்தாத பண்ணையும் அதற்கு ஒப்பிடுகிறார். 7ஆம் நூற்றாண்டு இசைக்கல்வெட்டைக் கொண்ட குடுமியான்மலையை உடைய நமக்கு, அவ்வுவமையின் நயம் எளிதில் விளங்கும்.

அதே வேளையில் அவர் ஒரு வரம்பும் இடுகிறார். கடமைக்குக் கேடு வாராமல் கண்ணோட வேண்டும் என்பதே அது. கண்ணோட்டமாவது பழகியவர் சொல்லை மறுக்க மாட்டாமை என்ற பொருள்படப் பரிமேலழகர் உரை கண்டார். அவ்வுரை சுட்டும் பண்பு, வரம்பு கடந்தால் வேண்டியவர்க்கு ஒரு நீதி, வேண்டாதவர்க்கு ஒரு நீதி என்றாகிவிடும். 'தயவு தாட்சண்யம் பாராமல்' என்ற வழக்கு நம்மிடையே ஒரு பாராட்டாகவும் வழங்குவதற்குக் காரணம் இந்த அச்சமே.

இத்துணை நுட்பமான சொல்லுக்கு இன்று என்ன நேர்ந்துள்ளது? 'பொருளியல் கண்ணோட்டம்', 'அறிவியல் கண்ணோட்டம்', 'என் கண்ணோட்டத்தில்' என்றெல்லாம் எழுதுகிறோம். நோக்கு, கருத்து, பார்வைக் கோணம் என்பனவே அதன் பொருளாகிவிட்டன. சொற்கள் பொருள் மாறுவது மொழியியற்கை. அதைக் குற்றமென்று கூறேன். ஆனால் கண்ணோட்டம் காலி செய்து போன இடத்தில் யார் குடியேறினார் என்று பார்க்க வேண்டும்.

அவ்விடத்தில் கருணை அமர்ந்திருக்கிறது. கருணை மனு, கருணைத் தொகை, கருணை அடிப்படையில் பணி நியமனம் என்பன இன்றைய ஆட்சித்தமிழின் தொடர்கள். பணியிலிருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால், அவர் குடும்பத்துக்கு வேலை வழங்க அரசு விதியே வகுத்திருக்கிறது. விதியின்படி கோர வந்த மகளோ மகனோ, 'கருணை' என்ற தலைப்பிட்ட தாளை நீட்டும்போது தலை தாழ்ந்து நிற்க நேர்கிறது. அலுவலகங்களில் ஆங்கிலச் சொல்லும் தன் பொருளை இழந்தே திரிகிறது. 'கைண்ட்லி' என்று தொடங்கும் சுற்றறிக்கையில் கனிவு ஏதும் இல்லை. அது கட்டளைக்குப் போட்ட மேற்சட்டை மட்டுமே.

கருணை தாழ்ந்த சொல் என்று நான் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், உயிர்கள் எல்லாம் உடன்பிறப்பு உரிமை உடையன. அதனாலேயே ஓருயிரின் துன்பம் கண்டு மற்றோருயிர் உருகுகிறது என்று விளக்கினார். அவரது காருண்ணியம் மேலிருந்து கீழே வீசும் காசன்று. பக்கத்து இலைக்குப் பரிமாறும் சோறு. ஆங்கிலச் சொல்லின் வேரில் நாம் கண்ட உறவுணர்ச்சியே அங்கும் விளங்குகிறது. சொல்லைத் தாழ்த்துவதும் உயர்த்துவதும் அதைச் சொல்பவர் நிற்கும் இடமே.

நம் மாவட்டத்திலேயே இரு சான்றுகள் உள்ளன. சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழிக் கல்வெட்டு ஒன்றுண்டு. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த துறவி ஒருவருக்கு இருக்கை செய்து தந்த செய்தியை அது கூறுகிறது. எருமிநாடு மைசூர்ப் பகுதி என்பது ஆய்வாளர் கருத்து. வேற்று நாட்டிலிருந்து வந்தவருக்குக் கல்லைச் செதுக்கி இடம் தந்தவர்கள், தங்கள் ஈரத்தைப் புகழ்ந்து ஒரு சொல்லும் பொறிக்கவில்லை.

மற்றொரு சான்று 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி. ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் அவர் சேர விழைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பை மீறி இடமளித்தார். அது பிச்சையாக இட்ட கருணை அன்று. தகுதியைக் கண்டு ஓடிய கண். வள்ளுவர் அரசனுக்கு வகுத்த கண்ணோட்டம் அதுவே. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற அப்பெண்மணி, ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் கண்டார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரிலிருந்து 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். ஒரு கல்லூரியில் கிடைத்த ஓர் இடம் எத்தனை பேருக்கு நிழலாயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள்.

கவிஞர் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். 'கைண்ட்' என்ற சொல்லைத் தமிழாக்க நேரும்போது, யார் முன் யார் நிற்கிறார் என்று முதலில் பாருங்கள். நோயாளி அருகில் நிற்கும் செவிலியிடம் இருப்பது பரிவு. தடுமாறும் மாணவனிடம் ஆசிரியர் காட்டுவது கனிவு. வழிப்போக்கனுக்குத் தண்ணீர் தருபவரிடம் இருப்பது ஈரம். மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது கண்ணோட்டம். சரியான சொல் வாய்த்தால், கேட்பவர் கூனிக் குறுகாமல் நிமிர்ந்து நின்று கேட்கலாம். கொடுப்பவரும் தம்மை வள்ளல் என்று எண்ணி மயங்க மாட்டார். வழக்கிழந்த சொல்லை அரசாணை மீட்டுத் தராது. நல்ல கவிதை ஒன்றில் அது மீண்டும் உயிர்த்தால், பத்துப் பேர் வாயில் புழங்கி, நூறு பேர் பேச்சில் நிலைக்கும். அப்பணி இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில் நிகழட்டும் என்று வாழ்த்துகிறேன்.