மருந்து கொடுத்த எலியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும்



போதை ஹராம் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அதைத் திருப்பிச் சொல்ல நாங்கள் இங்கே நிற்கவில்லை. "ஒரு தடவைதானே அத்தா, படிப்புக்கு என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்கிற பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? அதற்காகத்தான் ஆய்வுக்கூடத்து எலிகளைப் பற்றிப் பேசுகிறோம்.

டொனால்ட் ஓவர்டன் என்ற ஆய்வாளர் 1964-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இடமும் வலமுமாகப் பிரியும் பாதையில் எலியை விட்டார். சரியான பக்கம் திரும்பினால் மின் அதிர்ச்சியிலிருந்து தப்பலாம். பென்டோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தைக் கொடுத்துப் பழக்கினார். எலி கற்றுக்கொண்டது. மருந்து இறங்கியதும் அதே பாதையில் விட்டால், கற்றதே இல்லாததுபோல் திண்டாடியது. மறுபடி மருந்து கொடுத்தால் வழி ஞாபகம் வந்துவிட்டது! மருந்தோடு படித்த பாடம் மருந்தோடுதான் திரும்பி வந்தது.

எலிக்கு நடப்பதெல்லாம் மனிதனுக்கும் நடக்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் 1969-ல் அமெரிக்காவில் 48 மருத்துவ மாணவர்களுக்கு மது கொடுத்துப் பார்த்தார்கள். முன்பு பார்த்த படத்தை அடையாளம் காண்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. தானாக நினைவுக்குக் கொண்டுவர வேண்டியதில்தான் தடுமாறினார்கள். போதையில் மனப்பாடம் செய்தது தெளிந்த பிறகு சரியாக வரவில்லை. பரீட்சை ஹாலில் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு நம் பிள்ளை செய்ய வேண்டியதும் அதுதானே.

அடுத்தது வயது. 1981-ல் ரிச்சர்ட் மோரிஸ் ஒரு சோதனையை அறிமுகப்படுத்தினார். வட்டத் தொட்டியில் கலங்கிய தண்ணீர். அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடை. எலி நீந்தி அதைக் கண்டுபிடித்து, இடத்தை நினைவில் வைக்க வேண்டும். (வாயில்லா ஜீவனை இப்படிப் படுத்துவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் நாட்டில் விலங்குச் சோதனைக்குக் குழுவின் அனுமதி வேண்டும்.) அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இதே தொட்டியில் வளரும் பருவத்து எலிகளையும் முழு வளர்ச்சி அடைந்த எலிகளையும் ஒப்பிட்டார்கள். 1998-ல் மதுவை வைத்தும், 2006-ல் கஞ்சாவின் போதைப்பொருளை வைத்தும் பார்த்தார்கள். இரண்டிலும் இளம் எலிகளின் கற்றல்தான் அதிகம் கெட்டது. "பெரியவங்க தாங்கறாங்களே" என்ற வாதம் பதினாறு வயதுக்குப் பொருந்தாது என்பதே எங்கள் கருத்து.

ஒட்டன்சத்திரத்தில் மார்க்கெட்டில் மூட்டை ஏற்றிவிட்டு வந்து ராத்திரி புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கண் சொக்காமல் இருக்க யாராவது மாத்திரை நீட்டினால் அவன் ஆசைப்படத்தான் செய்வான். தூக்கம் கெடுத்த எலியும் அந்தத் தொட்டியில் தடுமாறுகிறது. படித்ததை மூளை பதிய வைப்பது தூக்கத்தில்தான். அவனைத் திட்டுவதைவிட, பரீட்சை மாதத்தில் வேலையிலிருந்து நிறுத்தி ஆறேழு மணி நேரம் தூங்க விடுங்கள். வீட்டுச் செலவுக்கு அந்தக் கூலி இல்லாமல் முடியாது என்றால் டிரஸ்டில் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

பழக்கம் ஏற்கெனவே தொற்றியிருந்தால் அடிக்காதீர்கள், ஊருக்குப் பயந்து மறைக்கவும் வேண்டாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. கட்டணம் கிடையாது.