மஞ்சள் விளக்கு சொல்லும் சேதி

(வாடகைக் கார் ஓட்டுநர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு வாடகைக் கார். மும்பையிலிருந்து நாசிக் நகருக்குப் போகிறது. கசாரா மலைப்பாதையில் ஏறுகிறது. திடீரென வண்டி குலுங்குகிறது. ஓட்டுநருக்கு முன்னால் மஞ்சள் விளக்கு மின்னி மின்னி அணைகிறது. அதில் இன்ஜின் படம் தெரிகிறது.

சவாரிக்காரருக்கு அவசரம். ஓட்டுநருக்கு அன்றைய கூலி முக்கியம். அவர் என்ன செய்ய வேண்டும்?

வண்டி ஏன் குலுங்குகிறது? அது பெட்ரோல் கார். இன்ஜினில் 4 சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் பெட்ரோல் முறைவைத்து எரியும். ஒன்றில் எரியாவிட்டால் இன்ஜின் தடுமாறும். பல்லக்குத் தூக்கும் நால்வரில் ஒருவர் இடறினால் பல்லக்கு ஆடும் அல்லவா? அதுபோலத்தான். மெக்கானிக்குகள் இதை 'மிஸ்ஸிங்' என்பார்கள்.

விளக்கு மின்னாமல் நின்று எரிந்தால், மெதுவாக ஓட்டிச் சென்று சீக்கிரம் காட்டலாம். மின்னினால் ஆபத்து. வேகத்தைக் குறைக்க வேண்டும். பத்திரமான இடத்தில் ஓரம் கட்டி, இன்ஜினை அணைக்க வேண்டும். காய்ந்த புல்லின் மேல் நிறுத்தக் கூடாது.

ஏன்? எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போகும். அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கருவி இருக்கிறது. அதன் பெயர் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். பெட்ரோல் அதற்குள் எரிந்தால் அது மிகவும் சூடாகும், உருகியும் போகும். ஒரு ஸ்பார்க் பிளக்கின் விலை குறைவு. இந்தக் கருவியின் விலை அதைப்போல் பல மடங்கு.

பட்டறையில் ஸ்கேனர் மாட்டிப் பார்ப்பார்கள். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் கோளாறு. பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் இருக்கலாம். எண் இடத்தைத்தான் காட்டும். காரணத்தைக் காட்டாது. பிளக், காயில், இன்ஜெக்டர் எதுவும் காரணமாகலாம்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருந்தால் ஒரு வழி உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டு, முதல் காயிலையும் இரண்டாவது காயிலையும் இடம் மாற்ற வேண்டும். பழைய எண்ணை அழித்து, மீண்டும் ஓட விட வேண்டும். பி0301 இப்போது பி0302 ஆனால் கெட்டது காயில்தான். எண் மாறாவிட்டால் பிளக்கைப் பார்க்க வேண்டும். இப்படிப் பார்த்தால் நல்ல பொருளை வீணாக மாற்ற வேண்டியதில்லை.

எண்ணை மட்டும் அழித்தால் விளக்கு அணையும். கோளாறு தீராது.

மலைப்பாதையில் நின்ற ஓட்டுநருக்கு ஒரு சவாரி நட்டம். நிற்காமல் போயிருந்தால்? பல நாள் கூலி போயிருக்கும்.

விளக்கு மின்னினால் நிறுத்துங்கள்.