நூல் அறுந்தால் நிற்கும் தறி

தறியில் நூல் அறுந்த பிறகும் தறி ஓடினால், பழுதான துணிதான் வளரும். ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-இல் முழுமையாக்கிய தானியங்கித் தறி அப்படி ஓடவில்லை. பாவு நூல் அறுந்ததும் தானாகவே நின்றது. ஆள் வந்து நூலை முடிந்த பிறகே மறுபடி ஓடியது.

அவர் மகன் கீச்சிரோ தொடங்கிய டொயோட்டா கார் தொழிற்சாலையிலும் இந்த முறை வேரூன்றியது. கார் பூட்டும் வரிசையில், கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கயிறு. தவறைக் கண்ட தொழிலாளி அதை இழுப்பார். உடனே சரிசெய்ய முடியாவிட்டால் வரிசை நிற்கும்.

பிறகு ஒரே கேள்வி: ஏன்? அங்கே சொல்லித்தரும் கதை இது. இயந்திரம் நின்றது ஏன்? சுமை கூடி ஃபியூஸ் போனது. சுமை ஏன் கூடியது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. அது ஏன்? வடிகட்டி இல்லை; இரும்புத் துகள் உள்ளே போய்விட்டது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் அது மறுபடியும் போயிருக்கும்.

ரோபோவும் கணினியும் வந்த பிறகும் இந்தக் கேள்வி தேவை. இன்னும் அதிகமாகவே தேவை. உளுந்து சரியாக ஊறவில்லை என்றால், எவ்வளவு நல்ல கிரைண்டரும் மாவைப் பொங்கவைக்காது. தவறான வேலைமுறையை இயந்திரத்திடம் கொடுத்தால், அது தவறையே வேகமாகச் செய்யும். முதலில் வேலையைக் கையால் செய்து சீராக்க வேண்டும், பிறகே இயந்திரம்.

புதிய இயந்திரம் வாங்குமுன், அந்த வேலையைத் தினமும் செய்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.