இல்லக் கணக்கும் குடிமைப் பாடமும்



தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், மராத்தியில் வரும் அறிவிப்பை முதலில் படிப்பவர் தந்தையார் அல்லர். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் பயிலும் பிள்ளையே. மின்கட்டணச் சீட்டும் வங்கிப் படிவமும் அப்பிள்ளையின் கைக்கே வருகின்றன. ஆயின் பள்ளியில் கற்கும் குடிமையியலும் பொருளியலும் தேர்வுத்தாளோடு நின்றுவிடுகின்றன. அவற்றை இல்லத்தின் வரவு செலவோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்பதே நாம் இன்று வலியுறுத்த விரும்புவது.

முதலில் குடிமையியலை எடுத்துக்கொள்வோம். தாராவி மறுசீரமைப்புக்காக வீடுதோறும் கணக்கெடுக்கும் பணி 2024 மார்ச்சில் தொடங்கிற்று. தரைத்தளத்தில் வாழ்வோர், 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன்னரே அங்குக் குடியிருந்தமையை மெய்ப்பித்தால், தாராவியிலேயே விலையின்றி வீடு பெறலாம் என்பது விதி. பின்னர் வந்தோர்க்கு விதி வேறு. ஆகவே பழைய வாக்காளர் பட்டியலில் உள்ள ஒரு பெயர் ஒரு குடும்பத்தின் கூரையையே முடிவு செய்யக்கூடும். மும்பை மாநகராட்சியில் 227 வட்டங்கள் உள்ளன என மனனம் செய்த மாணவர், தம் வீட்டுக்குரிய ஆவணத்தை எங்கே கேட்டுப் பெறுவது, தகுதியில்லை என முடிவு வந்தால் யாரிடம் முறையிடுவது என்பதையும் அறிய வேண்டுமன்றோ?

அடுத்து வட்டி. தனிவட்டிக் கணக்கைப் பிழையின்றிச் செய்யும் மாணவர் பலர், தெருவில் வழங்கும் ‘ஐந்து வட்டி’யைக் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய் எனில், அஃது ஆண்டுக்கு 60 விழுக்காடு. 10,000 ரூபாய் கடன் பெற்றவர் ஓராண்டில் 6,000 ரூபாய் வட்டி செலுத்திய பின்னும் முதல் குறையாமல் நிற்கும். சீட்டுக்கும் சட்டம் உண்டு. சீட்டு நிறுவனம் அரசின் முன் அனுமதியின்றிச் சீட்டுத் தொடங்கலாகாது என்கிறது 1982-ஆம் ஆண்டுச் சட்டம். நடத்துபவரின் தரகு 7 விழுக்காட்டிற்கு மிகலாகாது என்பது 2019-ஆம் ஆண்டுத் திருத்தம்.

வங்கியைப் பற்றிய பாடத்தை மும்பையே நமக்குக் கற்பித்தது. 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கியின்மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, வாடிக்கையாளர் முதலில் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலவில்லை. அன்று வைப்புத்தொகைக் காப்பீட்டின் வரம்பு 1 லட்சம் ரூபாய்; 2020 பிப்ரவரியில் அது 5 லட்சமாக உயர்த்தப்பட்டது. சேமிப்பு முழுவதையும் ஓரிடத்தில் வைக்கலாமா என்னும் வினாவை மாணவர் இந்நிகழ்ச்சி கொண்டே ஆராயலாம்.

ஆசிரியர் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. ஒரு குடும்பத்தின் கடனை வகுப்பறையில் வெளிப்படுத்துதல் தகாது. கற்பனைக் குடும்பம் ஒன்றின் கணக்கே பாடத்திற்குப் போதும். சிக்கனத்தை மட்டும் போதித்தலும் நன்றன்று. தோல் பட்டறையிலும் தையற்கூடத்திலும் உழைப்போரின் வறுமைக்குக் காரணம் ஊதாரித்தனம் என்று பிள்ளைகள் எண்ணிவிடலாகாது. குறைந்தபட்சக் கூலியை யார் வரையறுக்கின்றனர், அது கிடையாவிடில் எங்கே முறையிடுவது என்பனவும் சேமிப்புப் பாடத்தோடு சேர்ந்தே வர வேண்டும்.

பெற்றோரும் செய்யத்தக்கது உண்டு. மாதம் ஒரு முறை வீட்டுக் கணக்கைப் பிள்ளைகளோடு அமர்ந்து எழுதுங்கள். மகனைப் போன்றே மகளையும் உடன் அமர்த்துங்கள். ஆவணங்களை ஒரே உறையில் இட்டு, பிள்ளைகள் அறியும் இடத்தில் வையுங்கள். பத்து வயது நிரம்பிய சிறார் தாமே சேமிப்புக் கணக்கை நடத்த வங்கிகள் இசைவளிக்கலாம் என ரிசர்வ் வங்கி 2014-இல் அறிவித்துள்ளது, அவ்வாய்ப்பையும் பயன்படுத்துங்கள்.

பிள்ளைகளின் கல்விக்காக 1932-இல் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவியோர் நம் முன்னோர். தாம் கையொப்பமிடும் தாளைப் படித்துப் பொருளுணரும் ஆற்றலை அடுத்த தலைமுறைக்கு அளிப்பது நம் கடமை.